சிலிண்டரைக் கடைந்தது யார்? – கற்பனை நாகரிகங்களின் தொழில்நுட்பப் 'படிநிலை' குறித்து

விஞ்ஞானக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். நம்முடையதல்லாத ஒரு கிரகம், மனிதர்களைப் போலவே ஆனால் மனிதர்களல்லாத ஒரு கூட்டம், இரண்டு நிலவுகள், ஒரு நதி, அதன் கரையில் தலைநகரம். மூன்றாவது பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: 'அவர்கள் அப்போது நீராவி யுகத்தை எட்டியிருந்தார்கள்.' அதற்கப்புறம் ரயில் ஓடுகிறது, ஆலைச் சங்கு ஊதுகிறது, கதாநாயகி தந்தி அடிக்கிறாள். எழுதியதை முதலில் படிக்கக் கொடுத்தது இலக்கிய நண்பர்களிடம் அல்ல, என் தாய்மாமனிடம். முப்பது வருஷத்துக்கு மேல் லேத் பட்டறை நடத்தியவர். ஆயில் எஞ்சின் ரிப்பேரில் கை பழகியவர். கதை கிதை படிக்கிற வழக்கமில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "எல்லாஞ் சரி மாப்ள. ரயிலு ஓடுது, சங்கு ஊதுது. அந்த சிலிண்டர யாரு கடஞ்சா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மயிரிழை கூடக்கொறைய இருந்தா ஆவி பூரா சந்துல போயிரும். உன் கதையில லேத்து இல்ல, பட்டறை இல்ல, பட்டறையில நிக்கிற ஆளு இல்ல. எஞ்சின் மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். என் கிரகத்தில் ரயில் இருந்தது, ரயிலைச் செய்தவன் இல்லை. பட்டறைக்காரர் வீட்டில் சோறு தின்று வளர்ந்த ஒருவன் எழுதிய கதையிலேயே பட்டறை விட்டுப்போயிருக்கிறது என்றால் அதை வெறும் மறதி என்று தள்ள முடியவில்லை. 'நீராவி யுகத்தை எட்டினார்கள்' என்ற வாக்கியத்தின் அமைப்பிலேயே பட்டறை மறைந்துபோகிறது. எட்டுவது என்று சொன்னாலே மேலே ஒரு பரண் இருக்கிறது, அதற்கு ஓர் ஏணி சாத்தியிருக்கிறது, ஏறுகிறவன் ஏறினால் போதும் என்றாகிவிடுகிறது. எந்தக் கிரகமானாலும் ஏணி ஒன்றுதான், படிகளும் அவைதான். இந்த ஏணி எங்கிருந்து வந்தது, அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஒரு தொடக்ககாலத் தொழில் நாகரிகத்தைக் கற்பனை செய்ய முயன்றால் என்னென்ன கேள்விகள் எழும் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

ஏணிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களை அடுக்கி வைக்கும் பொறுப்பிலிருந்த கிறிஸ்டியான் தாம்சன் அவற்றைக் கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்தார். 1836இல் வெளியான அருங்காட்சியகக் கையேட்டில் அந்தப் பிரிவினை அச்சேறியது. அலமாரிக்காகச் செய்த ஏற்பாடு அது, அந்த அளவில் அதில் தவறும் இல்லை. ஆனால் அலமாரியின் தட்டுகள் சீக்கிரமே மனிதகுலத்தின் படிக்கட்டுகளாயின. லூயிஸ் ஹென்றி மார்கன் 1877இல் எழுதிய 'பண்டைய சமூகம்' காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மூன்றாக்கி, முதல் இரண்டையும் கீழ், நடு, மேல் என்று மறுபடி பிரித்தது. ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் போக அடையாளச் சீட்டுகள்: வில் அம்பு, மண்பாண்டம், இரும்பு உருக்குதல், எழுத்து. மார்க்ஸ் அதைப் படித்துக் குறிப்பெடுத்தார். 1884இல் எங்கெல்ஸ் அதன் மேல் ஒரு நூலையே எழுதினார். நம் தோழர்கள் பலருக்கு இந்தப் படிகள் மனப்பாடம். எனக்கும்தான், ஒரு காலத்தில் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருக்கிறேன்.

மார்கனின் கணக்கில் பாலினீசிய மக்கள் காட்டுமிராண்டி நிலையின் நடுப்படியில் நின்றார்கள். காரணம் அவர்களிடம் வில் அம்பு இல்லை என்பது. பசிபிக் கடலின் தீவுகளையெல்லாம் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே கண்டடைந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்குச் சீட்டு கிடையாது. மார்கன் எழுதியபோது ஹவாயில் அரசியல் சட்டம் இருந்தது, சட்டமன்றம் இருந்தது. பத்தே வருஷத்தில், 1887இல், ஹவாய் மன்னரின் அரண்மனையில் மின்விளக்கு எரிந்தது. வாஷிங்டன் வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891இல்தான். நடுப்படியில் நின்ற மன்னர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார்? ஏணியை நம்புகிறவர்கள் இதற்கு, 'அது இரவல்' என்பார்கள். இரவல் வாங்காத நாடு ஏதாவது உண்டா என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

விஞ்ஞானப் புனைவுக்கு இந்த ஏணி வந்து சேர்ந்த வழி நீளமானது, முழுக்கச் சொல்லப் போவதில்லை. 1964இல் சோவியத் வானியலாளர் கர்தஷேவ் நாகரிகங்களை அவை செலவழிக்கும் ஆற்றலை வைத்து மூன்று வகையாக்கினார். 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' என்ற விளையாட்டில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தொழில்நுட்ப எண் உண்டு. பூஜ்யம் என்றால் கற்காலம், நான்கு என்றால் நம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மாதிரி. பகடையை உருட்டி எண்ணைத் தீர்மானிக்கலாம். 1991இல் சிட் மெயர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' என்ற கணினி விளையாட்டில் நீராவி எஞ்சினும் பாலம் கட்டும் வித்தையும் கைவந்தால் அடுத்து ரயில்பாதை தானே திறந்துகொள்ளும். விளையாடியிருக்கிறேன், ராத்திரி ராத்திரியாக. ஒரு நுட்பம் 'கிடைத்தது' என்று திரையில் வரும்போது உண்டாகும் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அந்தத் திரையில் யாருக்கும் கை காய்ப்பதில்லை. என் கதையின் மூன்றாவது பக்கத்து வாக்கியம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இனி சிலிண்டருக்கு வருவோம்.

டார்ட்மத் ஊர்க்காரரான தாமஸ் நியூகோமன் இரும்புச் சாமான் வியாபாரி. 1712இல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அவர் நிறுத்திய எஞ்சின்தான் வேலைக்குப் பயன்பட்ட முதல் பிஸ்டன் எஞ்சின் என்று சொல்லலாம். நிமிடத்துக்குச் சுமார் 12 இழுப்பு. சிலிண்டருக்குள் நீராவியை விட்டு, குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி அதைச் சுருங்க வைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அதாவது வேலை செய்தது காற்று, நீராவி அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தை எப்படி அடைத்தார்கள்? பிஸ்டனின் விளிம்பில் ஒரு தோல் வளையம், அதற்கு மேலே எப்போதும் தேங்கி நிற்கிற மாதிரி கொஞ்சம் தண்ணீர். மாமாவிடம் இதைச் சொன்னபோது "அடேயப்பா, நல்ல வேல" என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

எரித்த நிலக்கரியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அந்த எஞ்சின் வேலையாக மாற்றவில்லை. அப்படியொரு ஊதாரி எந்திரம் எங்கே பிழைக்கும்? விலை போகாத தூள் நிலக்கரி காலடியில் குவிந்து கிடக்கிற சுரங்க வாசலில் மட்டும் பிழைக்கும். நிலக்கரி எடுக்கத் தண்ணீர் இறைக்க வேண்டும், தண்ணீர் இறைக்க நிலக்கரி வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில். சுரங்கத்திலிருந்து பத்து மைல் தள்ளி வைத்தால் வண்டிக்கூலி அதைச் சாப்பிட்டுவிடும். ஆகவே முதல் நீராவி எஞ்சின் ஒரு 'கண்டுபிடிப்பு' என்பதைக் காட்டிலும் ஓர் ஊரின் தண்ணீர்ப் பிரச்சினை என்று சொல்வது பொருத்தம். கற்பனைக் கிரகத்தில் நீராவி எஞ்சினை வைக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, 'இவ்வளவு வீணடிப்பை மன்னிக்கிற இடம் இந்தக் கிரகத்தில் எது?' என்பது. என் கதையில் அப்படிப்பட்ட இடமே இல்லை. நதிக்கரைத் தலைநகரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்றார். ஆவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிரவைக்காமல் தனியாக வேறொரு கலத்தில் குளிரவைப்பது அவர் யோசனை. யோசனை கைக்கு வந்தும் ஆண்டுக்கணக்கில் எஞ்சின் வரவில்லை. நியூகோமனின் தோலும் தண்ணீரும் இங்கே உதவாது, தண்ணீர் பட்டால் சிலிண்டர் குளிர்ந்துவிடும், அது கூடாது என்பதற்குத்தானே இந்தப் பாடு. சிலிண்டரே நேராக, வட்டமாக இருந்தாக வேண்டும். அந்தக் காலத்துக் கடைசல் முறையில் வெட்டும் தலை ஒரு நீண்ட தண்டின் நுனியில் இருக்கும், தண்டுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். வார்ப்பு எங்கே கோணியிருக்கிறதோ அங்கே தலையும் கோணிக்கொண்டு போகும். ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாய் துளைப்பதற்காக 1774இல் ஒரு காப்புரிமை எடுத்திருந்தார். அடுத்த வருஷம் அவர் எஞ்சின் சிலிண்டருக்கென்று செய்த கருவியில் தண்டு சிலிண்டரை ஊடுருவிச் சென்று இரண்டு முனையிலும் தாங்கி நின்றது. விஷயம் இவ்வளவுதான். 50 அங்குல அகலமுள்ள சிலிண்டர் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்குக்கூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் மகிழ்ந்து எழுதினார். 1776இல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கின.

ஒரு காசின் கனம். தொழிற்புரட்சியைப் பற்றிய பெருங்கதையாடல்கள் எல்லாவற்றையும் அந்தக் காசுக்கு எதிரில் வைத்துப் பார்க்கலாம். இரும்பு வேறு, எஞ்சின் வேறு என்பதில்லை; போர் வேறு, தொழில் வேறு என்பதுமில்லை. பீரங்கி துளைத்த பட்டறைதான் சிலிண்டரையும் கடைந்தது. பீரங்கி வார்க்காத ஒரு நாகரிகம், சமாதானமாக வாழ்ந்த கூட்டம் என்று வைத்துக்கொள்வோம், நல்ல சிலிண்டரை எங்கே கற்றிருக்கும்? மணி வார்க்கும் கோயில் பட்டறையிலா? நீர் இறைக்கும் மரக்குழாய் துளைக்கும் தச்சனிடமா? பதில் எதுவானாலும் கதை வேறு கதையாகிவிடும், நல்ல கதையாகவும் ஆகலாம்.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. நட்டு போல்ட்டு என்றால் நமக்குக் கடையில் கிடைக்கிற சாமான். 1800ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லி தன் லேத்தில் ஒரே மாதிரியான மரைகளை வெட்டிக் காட்டும்வரை ஒவ்வொரு போல்ட்டும் அதற்கென்று செய்த நட்டுக்கு மட்டுமே வாழ்க்கைப்பட்டது. எந்திரத்தைப் பிரித்தால் எது எதனோடு சேரும் என்று குறித்து வைக்க வேண்டும். மாட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல்தான் எல்லாப் பட்டறைக்கும் ஒரே மரை அளவு என்று முன்மொழிந்தார். ரயில் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. ஆக, ஏணியில் 'பின்னால்' வரவேண்டிய சாமான் முன்னாலும், 'முன்னால்' வரவேண்டியது பின்னாலும் வந்திருக்கிறது. 1850இல் ஒரு ரயில் நடு வழியில் நின்றால் பழுது பார்ப்பவன் எந்தப் பட்டறையின் மரை என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். புனைகதை எழுத்தாளருக்கு இந்த மாதிரிச் சங்கடங்கள் தங்கம்.

இனி நான் முக்கியமென்று நினைக்கும் இடம். எண் கொடுத்து மதிப்பிடும் முறை ஒரு கிரகத்தை, ஒரு நாட்டை, தனித்த பாத்திரம்போல எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்து 'இந்த அளவில்' இருந்தது, மற்றவர்கள் 'அந்த அளவில்' இருந்தார்கள் என்று. ஆலைக்குள் போய்ப் பார்த்தால் பாத்திரம் ஒழுகுகிறது. மான்செஸ்டர் நூற்பாலைக்குப் பருத்தி அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகள் எடுத்தது. ரயில் அச்சுக்குத் தடவிய மசகில் மேற்கு ஆப்பிரிக்காவின் பனையெண்ணெய் இருந்தது. நைஜர் கழிமுகத்துக்கு 'எண்ணெய் ஆறுகள்' என்றே பெயர் வைத்தார்கள், அது பெட்ரோல் அல்ல, இந்த எண்ணெய். எந்திரங்களைச் சுழற்றிய தோல் பெல்ட்டுகளுக்காக 1870களில் அமெரிக்கச் சமவெளியின் காட்டெருமைகள் லட்சக்கணக்கில் உரிக்கப்பட்டன. பத்துப் பதினைந்து வருஷத்தில் மந்தைகள் ஏறக்குறைய ஒழிந்தன, அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் பட்டினிக்குத் தள்ளப்பட்டார்கள். தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் போட்ட கம்பிக்கு உறையாக இருந்தது கட்டாபெர்ச்சா, மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் சுமத்ராவிலும் வளரும் ஒரு மரத்தின் பால். ரப்பர்போலக் கீறி எடுத்ததல்ல, மரத்தையே சாய்த்து எடுத்தது. 1866இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த கம்பியின் மேல் அந்தக் காடுகள் சுற்றியிருந்தன. அப்படியானால் தந்தி யாருடைய தொழில்நுட்பம்? போர்னியோக் காட்டில் கோடரியோடு நின்றவன் எந்தப் படி? அவனை 'பிந்திய படி' என்று எழுதுவதும், அவன் சாய்த்த மரத்தை 'முந்திய படி' என்று எழுதுவதும் ஒரே பேனாதான்.

கென்னத் பாமரன்ஸ் 2000இல் எழுதிய நூலில் இங்கிலாந்து பிரிந்து முன்னே போனதற்கு நிலக்கரியும் குடியேற்ற நாடுகளும் காரணம் என்று சீனத்தின் யாங்சி கழிமுகத்தோடு ஒப்பிட்டு வாதிட்டார். அதை ஏற்காத பொருளாதார வரலாற்றாளர்கள் உண்டு. அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. கதை எழுதுகிறவனுக்கு அதிலிருந்து கிடைப்பது ஒரு பழக்கம்: ஒவ்வொரு எந்திரத்தையும் பார்த்து 'உன் பெல்ட் எந்த ஊர் மாடு?' என்று கேட்கிற பழக்கம். பெரிய விலங்குகளே இல்லாத கிரகத்தில் பெல்ட்டுக்கு என்ன செய்வார்கள்? கயிறு போடலாம், லங்காஷயர் ஆலைகள் பிற்பாடு பருத்திக் கயிற்றால்தான் சுழன்றன. அப்போது கயிறு திரிக்கிறவர்கள் அந்த நாகரிகத்தில் பெரிய சாதியாக இருப்பார்கள். இப்படித்தான் உலகம் கட்டப்படுகிறது, மேலிருந்து எண் போட்டு அல்ல.

ஏணியை உடைக்க எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பானின் சாகா. 1850இல் அது ஒரு நிலப்பிரபுவின் ஆட்சிப்பகுதி. சாமுராய்களும் குடியானவர்களும் இருக்கிற இடம். நாகசாகித் துறைமுகத்தைக் காவல் காக்கும் பொறுப்பு அதற்கு இருந்ததால் அந்நியக் கப்பல்களின் பீரங்கிகளைப் பார்த்து அதன் தலைவர் நபேஷிமா நவோமாசாவுக்குக் கவலை. கைவசம் இருந்தது ஒரு டச்சுப் புத்தகம். லீயெஜ் நகரத்துப் பீரங்கி வார்ப்பாலையைப் பற்றி ஹுகெனின் என்ற ராணுவ அதிகாரி எழுதியது. அதை மொழிபெயர்த்துப் படித்து, இரும்பை உருக்கும் எதிரொளி உலை ஒன்றைக் கட்டினார்கள். உலை செய்ய வெள்ளைக்காரர் யாரும் வந்து நிற்கவில்லை. சாகாவிலுள்ள அரிதா ஊர் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பீங்கான் சுட்ட ஊர், கடும் வெப்பத்தைத் தாங்குகிற மண் எது என்று கைக்குத் தெரிந்த ஊர். இருந்தும் வார்த்த பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீணாகின. புத்தகத்தில் எழுதியிருப்பதற்கும் உலைவாயில் நடப்பதற்கும் நடுவில் இருந்த தூரத்தைத் தோல்வி தோல்வியாகத்தான் கடக்க வேண்டியிருந்தது. கடந்தார்கள்.

அதே சாகாவில் தனகா ஹிசாஷிகே என்றொருவர் வந்து சேர்ந்தார். விசையால் இயங்கும் பொம்மைகள் செய்து பெயரெடுத்தவர், 1851இல் ஓர் அற்புதமான கடிகாரத்தைச் செய்து முடித்தவர். 1853இல் நாகசாகிக்கு வந்த ரஷ்யக் கப்பலில் ஒரு சின்ன நீராவி ரயில் மாதிரியைச் சாகா ஆட்கள் பார்த்திருந்தார்கள். 1855இல் தனகாவும் கூட்டாளிகளும் சேர்ந்து ஓடுகிற மாதிரி ரயில் ஒன்றைச் செய்துவிட்டார்கள். (அவர் 1875இல் தோக்கியோவில் தொடங்கிய பட்டறையின் வம்சம்தான் இன்றைய தோஷிபா.) சாகாவுக்கு எத்தனை எண் கொடுப்பீர்கள்? நிலவுடைமை, வாள், நெல் வரி என்று பார்த்தால் ஒன்று. பீங்கான் என்று பார்த்தால் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதி செய்த இடம். பொம்மை என்று பார்த்தால் நீராவி. பொம்மைக்காரனின் கை சிலிண்டருக்கும் பழகும் என்பதை எந்த விளையாட்டின் நுட்ப மரமும் சொல்லாது. அதில் 'பொம்மை' என்று ஒரு கிளையே கிடையாது.

புனைவாளர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். மார்க் ட்வைன் 1889இல் ஆர்தர் மன்னர் காலத்துக்கு ஒரு யாங்கியை அனுப்பினார். துப்பாக்கித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன், எதையும் செய்யத் தெரிந்தவன். அவன் தொழிற்சாலைகள் கட்டுகிறான், தந்தி போடுகிறான். எல்லாம் அவன் நினைத்தவுடன் முளைத்துவிடுகின்றன, இந்த இடத்தில் ட்வைனும் என்னைப் போலத்தான். ஆனால் முடிவில் மின்வேலியும் எந்திரத் துப்பாக்கியும் ஆயிரமாயிரம் வீரர்களைக் கொன்று குவிக்க, அந்தப் பிணச்சுவருக்கு நடுவில் யாங்கியும் ஆட்களும் சிக்கிக்கொள்கிறார்கள். ஏணியில் தூக்கி ஏற்றிவிடுவதாகச் சொன்னவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள் என்று ட்வைனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்ப்ரேக் டி காம்ப் 1939இல் முதல் வடிவத்தை வெளியிட்டு 1941இல் நூலாக்கிய 'இருள் விழாதிருக்க' என்ற கதை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதில் தொல்லியலாளன் ஒருவன் 535ஆம் ஆண்டு ரோமில் போய் விழுகிறான். எஞ்சினில் தொடங்கவில்லை. சாராயம் காய்ச்சுகிறான். அதற்கு முதல் வேண்டும். வட்டிக்காரனிடம் கடன் வாங்க, அரேபிய எண்களில் கணக்கெழுதும் முறையைக் கற்றுக் கொடுக்கிறான். பிறகு அச்சகம். கடிகாரமும் வெடிமருந்தும் அவனுக்கு ஒத்துவரவில்லை. வரலாற்றில் 'சிறிய' விஷயம் என்று ஒதுக்கப்படும் கணக்கு நோட்டு பீரங்கியை விடச் சுலபமாகக் கால எல்லையைத் தாண்டும் என்பது அந்தக் கதையின் நல்ல கண்டுபிடிப்பு. பால் ஆண்டர்சன் 1956இல் எழுதிய கதை இதற்கு எதிர்ப்பாட்டு. ஐஸ்லாந்தில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய் பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக்குத் தூக்கி வீசப்படுகிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், கைக்கு ஒன்றும் தெரியாது. கொல்லன் பட்டறையில் அவன் சுமையாகத்தான் இருக்கிறான். கடைசியில் பழிவாங்கும் சண்டையில் செத்துப்போகிறான். மாமாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அவன் நம்ம இஞ்சினியரிங் காலேஜ் பையனா?" என்று கேட்டார்.

கீத் ராபர்ட்ஸின் 'பவேன்' 1968இல் வந்தது. இங்கிலாந்தில் திருச்சபையின் ஆட்சி இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்வதாகக் கற்பனை. பெட்ரோல் எஞ்சினுக்குச் சபையின் தடை, அதனால் சாலையில் நீராவி இழுவை வண்டிகள். மின்தந்திக்குப் பதிலாகக் குன்றுக்குக் குன்று கை நீட்டும் சைகைக் கோபுரங்கள். பிரான்சில் ஷாப் சகோதரர்கள் 1794இல் பாரிஸிலிருந்து லீல் நகரம்வரை உண்மையாகவே அப்படியொரு வரிசையை இயக்கினார்கள். ராபர்ட்ஸ் அந்தக் கோபுரத்துக்குள் போய், சைகை தரும் தொழிலில் சேரும் பையனின் தோள்வலியை எழுதுகிறார். தொழில்நுட்பம் அந்த நாவலில் ஒரு கில்டின் ரகசியம், ஒரு சபையின் அனுமதி, ஒரு பையனின் உடம்பு. நான் படித்தவற்றில் இதுதான் மாமாவின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது.

சபை தடுத்தது, அரசு அனுமதித்தது என்று வந்துவிட்டால் 'அடுத்த படி' என்ற பேச்சே மங்கிவிடுகிறது. நீராவிதான் நீர்ச்சக்கரத்துக்கு அடுத்த படி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆர்க்ரைட் 1771இல் கிராம்ஃபோர்டில் கட்டிய நூற்பாலை தண்ணீரில் ஓடியது. 1820களில் அமெரிக்க லோவெல் ஆலைகளும் தண்ணீரில்தான். ஆண்ட்ரியாஸ் மால்ம் 2016இல் எழுதிய 'புதைபடிவ மூலதனம்' என்ற நூல், பிரிட்டிஷ் பருத்தி ஆலைகள் நீராவிக்கு மாறிய காலத்தில் தண்ணீர் தீரவும் இல்லை, நீராவியைவிட விலை கூடவும் இல்லை என்கிறது. ஆறு இருக்கும் இடத்துக்கு ஆலை போக வேண்டும், ஆட்களை அங்கே குடிவைக்க வேண்டும், ஆற்றில் தண்ணீர் குறைந்த நாளை மற்ற நாள்களில் கூடுதல் மணிநேரத்தால் ஈடுகட்ட வேண்டும். வேலைநேரத்துக்குச் சட்டம் வரத் தொடங்கியதும் அதுவும் கஷ்டம். எஞ்சினை நகரத்துக்குக் கொண்டுபோகலாம், அங்கே வாசலில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். மால்மின் வாதத்தை முழுக்க ஒப்புக்கொள்ளாவிட்டாலும், ஒரு எந்திரம் வென்றதற்கு அது 'சிறந்தது' என்பதைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்பது நமக்குப் போதும். கற்பனை நாகரிகத்தில் நீராவி வருகிறது என்றால் அது யாரை அடக்க வந்தது என்றும் கேட்க வேண்டும்.

நிலக்கரியே இல்லாத கிரகம் என்றால்? இதை நம் கடற்கரையில் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, ஐரோப்பிய முறை ஊதுலை, எரிக்க மரக்கரி. கம்பெனி கடனும் சலுகையும் கொடுத்தது. தரமான இரும்பு வந்தது, இங்கிலாந்துக்கும் போயிற்று. ஆனால் உலை தின்கிற வேகத்துக்குக் காடு வளராது, கரி எடுக்க வருஷத்துக்கு வருஷம் தூரம் கூடிக்கொண்டே போகும். ஆலை பல கை மாறித் தள்ளாடி அந்த நூற்றாண்டிலேயே நின்றுபோனது. இதைப் 'படி ஏறத் தவறிய கதை' என்று எழுதுவார்கள். ஸ்வீடனும் ரஷ்யாவும் 18ஆம் நூற்றாண்டு முழுக்க மரக்கரியில் உருக்கிய இரும்பை ஐரோப்பாவுக்கு விற்றன என்பதை அப்போது சொல்ல மாட்டார்கள். அங்கே பரந்த குளிர்காடும் சொந்த அரசும் இருந்தன. இங்கே விறகு யாருடையது, லாபம் யாருடையது என்பதிலிருந்து கதை தொடங்க வேண்டும்.

ஏணிக்கு வெளியே நின்று ஒரு தொழில் நாகரிகத்தைக் கற்பனை செய்தவர்களில் ரொக்கையா சக்காவத் ஹுசைனை நம் விஞ்ஞானப் புனைவு விவாதங்களில் அதிகம் காணோம். அவரது 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியாயிற்று. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. பெண்களின் ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நீரை இழுக்கிறது, மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேகரிக்கிறது. ஆண்கள் அந்தச் சமயத்தில் படை பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. நீராவி வழியாகப் போகாமலேயே ஒரு கூட்டம் வேறெங்கோ போய்ச் சேர்கிறது. டிராவலர் விளையாட்டில் அதற்கு என்ன எண் என்று தேடினால் கிடைக்காது. அதிலும் சிலிண்டரை யார் கடைந்தது என்று மாமா கேட்கலாம்தான், சூரிய வெப்பத்தைப் பிடிக்கிற கருவியை யார் வளைத்தது என்று. ஆனால் அடுப்பில் வெந்தது யார் என்பதிலிருந்து ரொக்கையா தொடங்கியிருக்கிறார். அந்தத் தொடக்கம் எனக்குத் தோன்றாமல் போனது. என் கதாநாயகி தந்தி அடிக்கிறாளே தவிர, அவள் வீட்டில் அடுப்பு எதில் எரிகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பக்கத்து வாக்கியத்தை அடித்துவிட்டேன். தலைநகரத்தை விட்டு மலையடிவாரத்துக்குப் போயிருக்கிறேன், அங்கே ஒரு சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரிய விலங்கில்லாத கிரகம் என்று முடிவு செய்ததால் தோல் வளையத்துக்கு வழியில்லாமல் போய்விட்டது, ஒரு நீர்ச்செடியின் நாரைத் திரித்து மெழுகில் தோய்த்து அடைக்கிறார்கள். கடைகிற தண்டுக்கு இன்னும் ஒரு பக்கம்தான் பிடிமானம். நாற்பது பக்கம் ஆகிவிட்டது, எஞ்சின் இன்னும் ஓடவில்லை. போன வாரம் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நாரு சரி, நிக்கும். மெழுகு எங்க எடுக்கிறாங்க?" என்றார்.